பெட்டியின் மேல் எழுத்தும் பெட்டிக்குள் பொருளும்



இன்று நம் குடும்பங்களின் நினைவுகள் பெரும்பாலும் காகிதத்தில் இல்லை. நிக்காஹ் நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு, வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய குரல்பதிவுகள், மறைந்த பெற்றோரின் புகைப்படங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், கொடுத்த கடன் வாங்கிய கடன் பற்றிய குறிப்புகள் ஆகிய அனைத்தும் கைப்பேசியிலும் கணினியிலும் அடைந்து கிடக்கின்றன. இடம் நிறைந்துவிட்டது என்று கருவி எச்சரிக்கும்போதுதான் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கும் எண்ணம் பிறக்கிறது. இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உள்ள கணினிக் கடைக்குப் போனால் இரண்டு மூன்று வகைகள்தாம் இருக்கும். கைப்பேசியைத் திறந்தால் நூறு வகைகள் தெரிகின்றன. விலையும் சற்றுக் குறைவு. ஆகவே விரலால் தொட்டு வாங்கிவிடுகிறோம்.

பெரும்பாலான நேரங்களில் நல்ல பொருளே வந்து சேர்கிறது. ஆனால் சில நேரங்களில் போலிப் பொருள் வருகிறது. பழையது புதியதன் உறைக்குள் வருகிறது. வழியில் அடிபட்டு, இயக்கினால் டக் டக் என்று ஒலி எழுப்பும் நிலையில் வருகிறது. அப்போது நம்மவர்களில் பலர் சொல்லும் சொல் ஒன்று உண்டு: “போனால் போகட்டும், நம் நஸீபு அவ்வளவுதான்.” இந்தச் சொல்லைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது. ஏமாற்றத்தைக் கேட்பாரின்றி விழுங்கிக்கொள்வது ஸப்ரு ஆகாது. நீக்கக்கூடிய அநீதியை நீக்க முயலாமல் இருப்பதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டினால், பொறுமை என்னும் உயர்ந்த பண்பையே நாம் மலிவாக்கிவிடுகிறோம்.

பார்க்காமல் வாங்குவது புதிதன்று

கண்ணால் காணாத பொருளை அஞ்சலில் வரவழைப்பது இணையம் கொண்டுவந்த வழக்கம் அன்று. நம் நாட்டு அஞ்சல் துறை 1877ஆம் ஆண்டிலேயே வி.பி.பி. முறையைத் தொடங்கிவிட்டது. அஞ்சல்காரர் கட்டுடன் வருவார்; பணத்தைக் கொடுத்துக் கட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். புத்தகங்களும் மருந்துகளும் கைக்கடிகாரங்களும் அவ்வழியே சிற்றூர்களுக்கு வந்தன. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று பின்கோடு அறிமுகமானது. இராஜபாளையத்திற்கு 626117, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 626125 என்று நாம் இன்று முகவரியில் இடும் எண்கள் அந்த ஏற்பாட்டைச் சேர்ந்தவை. 2010ஆம் ஆண்டில் ஃபிளிப்கார்ட் நிறுவனம் பொருளைப் பெறும்போது பணம் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தபோது, வி.பி.பி.யின் பழைய நம்பிக்கையே புதிய உருவில் திரும்பி வந்தது.

ஆனால் வி.பி.பி. முறையில் இருந்த குறை இதிலும் இருக்கிறது. பணம் கொடுக்கும்போது நாம் பார்ப்பது பெட்டியைத்தானே தவிர, பெட்டிக்குள் இருக்கும் பொருளை அன்று. ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை பெட்டியைப் பிரித்துப் பார்த்தாலும் போதாது. துணியைத் தடவிப் பார்த்துத் தரம் அறியலாம். மாம்பழத்தை முகர்ந்து பார்த்து அறியலாம். ஹார்ட் டிஸ்க்கின் தரம் அதன் தோற்றத்தில் தெரிவதில்லை. ஆகவே இதனை வாங்குவோருக்கு மற்றப் பொருள்களை வாங்குவோரைவிடக் கூடுதல் விழிப்பு வேண்டும்.

மார்க்கம் தரும் உரிமை

கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். மேலே உலர்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி ஈரமான பகுதியை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். மழை வணிகரின் குற்றம் அன்று. குறையை மறைத்ததே குற்றம். ஈரத்தை உள்ளே வைத்து உலர்ந்ததை மேலே பரப்பும் வேலையைத்தான் இன்று போலி ஹார்ட் டிஸ்க் விற்பவர்கள் செய்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் நம் கவனத்திற்கு உரியது. வணிகத்தில் அடிக்கடி ஏமாற்றப்பட்ட ஒரு தோழரிடம், வாங்கும்போதே ஏமாற்றுதல் கூடாது என்று நிபந்தனை சொல்லிவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். மூன்று நாள் அவகாசமும் அவருக்கு உண்டு என்று சில அறிவிப்புகளில் காண்கிறோம். ஏமாந்தவரைப் பார்த்து ‘இது உன் விதி’ என்று சொல்லவில்லை. அவருக்கு ஓர் உரிமையைத் தந்தார்கள்.

இந்த அடிப்படையில்தான் ஃபிக்ஹு நூல்கள் ‘கியார்’ என்னும் தெரிவுரிமையை விரிவாகப் பேசுகின்றன. பார்க்காமல் வாங்கியவர், பார்த்தபின் ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் காணாத பொருளின் விற்பனையில் கண்டிப்பு மிகுதி. ஆனால் தன்மைகளை ஐயமற விவரித்து, முழு விலையையும் முன்கூட்டிக் கொடுத்து வாங்கும் ஸலம் முறைக்கு அங்கும் இடம் உண்டு. வாங்கிய பின் குறை தெரியவந்தால் திருப்பித் தரும் உரிமையை எல்லா மத்ஹபுகளும் ஒப்புக்கொள்கின்றன. இன்றைய இணைய விற்பனையின் நுண்ணிய சட்டங்களை அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. நாம் இங்கே கொள்ளவேண்டியது ஒன்றே: திருப்பிக் கொடுக்கும் உரிமை விற்பவர் நமக்கு இடும் பிச்சை அன்று.

931 என்று காட்டினால் அளவில் மோசடியா?

ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்கள் முதலில் எழுப்பும் புகார் இதுதான். பெட்டியில் 1 டெராபைட் என்று எழுதியிருக்கிறது. விண்டோஸ் கணினியில் இணைத்தால் 931 ஜிபி என்று காட்டுகிறது. மீதி 69 ஜிபி எங்கே போயிற்று? அளவில் குறைப்போருக்குக் கேடு உண்டென எச்சரிக்கும் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் இருக்கும்போது, இக்கேள்வியை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

விடை இதுதான். தயாரிப்பாளர் பத்தின் மடங்குகளில் எண்ணுகிறார். அவர் கணக்கில் ஒரு டெராபைட் என்பது 1,00,000 கோடி பைட். விண்டோஸ் இரண்டின் மடங்குகளில் எண்ணுகிறது. அதன் கணக்கில் ஒரு ஜிபி என்பது 107,37,41,824 பைட். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 931 வருகிறது. பைட் ஒன்றுகூடக் குறையவில்லை; அளவுகோல்தான் வேறு.

இராஜபாளையம் நூற்பாலைகளில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 40ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது இருக்கும் என்பது பொருள். அதே நூலை டெக்ஸ் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 14.8 என்பார்கள். நூல் மாறவில்லை, எண்தான் மாறியது.

ஆயினும் விற்பவர் ஓர் அளவில் சொல்லி, வாங்குபவர் வேறோர் அளவில் புரிந்துகொண்டால் அங்கே குழப்பம் விளையும் என்பதும் உண்மையே. அமெரிக்காவில் இதற்காக வழக்குகள் நடந்தன. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006இலும் சீகேட் 2007இலும் வாடிக்கையாளர்களுடன் சமரசம் செய்துகொண்டன. அதன்பின் தம் கணக்கில் ஒரு ஜிபி எத்தனை பைட் என்பதைப் பெட்டியிலேயே எழுதுவது பரவலான வழக்கமாயிற்று. ஆகவே 931ஐக் கண்டு விற்பவரைத் திட்டாதீர்கள். புறங்கூறுதலும் வீண்பழியும் நமக்கு ஆகுமானவை அல்ல. இரண்டு டெராபைட் வாங்கினால் ஏறத்தாழ 1.81 என்று காட்டும் என்பதையும் முன்பே அறிந்துகொள்ளுங்கள்.

உண்மையான மோசடி வேறு

உண்மையான அளவு மோசடி வேறிடத்தில் நடக்கிறது. பாக்கெட்டில் அடங்கும் 16 டெராபைட் டிஸ்க், விலை இரண்டாயிரம் ரூபாய் என்றெல்லாம் விளம்பரங்கள் வருகின்றன. அப்படி ஒரு பொருள் இருக்க முடியாது. சட்டைப்பையில் அடங்கும் சுழல்தட்டு வகையில் நெடுங்காலம் 5 டெராபைட்டே உச்சமாக இருந்தது. 2024இல்தான் 6 டெராபைட் வந்தது. அவற்றின் விலையோ இதனைவிடப் பன்மடங்கு.

இந்த மோசடி நடக்கும் விதம் தெரிந்தால் அதன் கொடுமை விளங்கும். பளபளப்பான உலோக உறைக்குள் ஒரு சிறிய மெமரி கார்டை ஒட்டிவைக்கிறார்கள். 2022இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வாளர் 30 டெராபைட் என்று விற்கப்பட்ட கருவியைப் பிரித்தபோது, உள்ளே சிறிய மெமரி கார்டுகள் இரண்டுதான் இருந்தன. அதன் கட்டுப்பாட்டு மென்பொருள் கணினியிடம் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். கணினியும் அதை நம்பி 16 டெராபைட் என்றோ 30 டெராபைட் என்றோ காட்டும். நீங்கள் படங்களை ஏற்றுவீர்கள்; எல்லாம் ஏறியதாகவே தெரியும்; கோப்புகளின் பெயர்களும் இருக்கும். ஆனால் உண்மையான இடம் நிறைந்தபின் வரும் படங்கள் பழைய படங்களின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கும்போது ஒன்றும் இராது. கைப்பேசியில் இடம் வேண்டுமென்று மூலப் படங்களையும் அதற்குள் அழித்திருப்போம். இழந்தது இரண்டாயிரம் ரூபாய் அன்று. மௌத்தான தாயின் முகம்.

பெயரைப் பார்த்து ஏமாறுவது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத செய்தி அன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பே அப்படி ஒரு காப்பைத் தேடவைத்தது. பெட்டியில் அச்சடித்த பெயர் பால்கோவாவுக்குச் சான்று ஆகாதது போலவே ஹார்ட் டிஸ்க்குக்கும் ஆகாது. பழைய டிஸ்க்குகளின் பயன்பாட்டுக் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதியவை என்று விற்ற செய்தி 2025இன் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்தே வெளிவந்தது.

பொருள் வந்தவுடன் செய்யத்தக்கவை

முதலாவது, பெட்டியைப் பிரிப்பதைத் தொடக்கம் முதல் இடைவெளியின்றி ஒளிப்பதிவு செய்யுங்கள். முகவரிச்சீட்டு, ஒட்டுநாடா, பொருளின் வரிசை எண் ஆகியவை அதில் தெளிவாகத் தெரியட்டும். கொண்டுவந்த இளைஞரிடம் கோபம் காட்டாதீர்கள். வெயிலில் அலைந்து பிழைக்கும் அவர் விற்பவர் அல்லர். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பது நம் பண்பாடு.

இரண்டாவது, பெட்டியில் உள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு, உத்தரவாதக் காலம் இந்தியாவுக்கு உரியதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுக்கு உரிய பொருளாயின் இங்கே சேவை கிடைப்பது அரிது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அந்த டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் இயங்கியது என்று காட்டும். புதிய டிஸ்க்கில் நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டினால் ஐயம் கொள்க. கணக்கைப் பூஜ்யமாக்கும் மோசடியும் உண்டாகையால், இந்த ஒரு சோதனையோடு நின்றுவிட வேண்டாம்.

மூன்றாவது, குடும்பப் படம் ஒன்றைக்கூட ஏற்றுவதற்கு முன் முழுச் சோதனை செய்யுங்கள். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் இலவச மென்பொருள் டிஸ்க் முழுவதையும் சோதனைத் தரவால் நிரப்பி, மீண்டும் படித்துச் சரிபார்க்கும். போலிக் கொள்ளளவு இதில் தப்பாது. வினாடிக்கு 100 எம்பி வேகம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டெராபைட்டை எழுத இரண்டே முக்கால் மணி நேரமும் படிக்க அதே அளவு நேரமும் ஆகும். இஷாவுக்குப் பின் தொடங்கினால் ஃபஜ்ருக்குள் முடிந்துவிடும். திருப்பி அனுப்பும் காலக்கெடு பெரும்பாலும் சில நாள்களே ஆகையால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சோதனைக்கு முன் படங்களை ஏற்றாதிருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. குறை கண்டு திருப்பி அனுப்பும்போது நம் வீட்டுப் பெண்களின் படங்களும் ஆவணங்களும் அந்நியர் கைக்குப் போகமாட்டா. அழித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் கோப்பு எளிதில் மீட்கக்கூடியது என்பதைப் பலர் அறிவதில்லை.

நான்காவது, நல்ல டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகும். உத்தரவாதம் என்பது டிஸ்க்குக்குத்தானே தவிர, உள்ளே இருக்கும் நினைவுகளுக்கு அன்று. ஆகவே இரண்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஒன்றை இராஜபாளையம் வீட்டிலும் மற்றொன்றை ஸ்ரீவில்லிபுத்தூரில் மணமுடித்த மகள் வீட்டிலும் வையுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதிவைக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுவோர், எழுதியதைக் காப்பதிலும் கருத்தாயிருக்க வேண்டும்.

பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு கதவு

விற்பவர் மறுத்துவிட்டால் என்ன செய்வது? ‘கம்பெனி பெங்களூரில், விற்றவர் டெல்லியில், நாம் எங்கே போய் வழக்குப் போடுவது?’ என்பதே நம்மவர்களின் கேள்வி. 1986ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில் இந்தக் கவலைக்குக் காரணம் இருந்தது. எதிர்த்தரப்பினர் இருக்கும் ஊரிலோ வழக்கின் காரணம் எழுந்த ஊரிலோதான் புகார் கொடுக்க முடியும். எது அந்த ஊர் என்பதிலேயே வாதம் எழும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் சட்டம் இதை மாற்றிவிட்டது. வாங்கியவர் தாம் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம்.

விருதுநகர் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். இராஜபாளையத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். இணையவழியிலும் புகாரைப் பதியலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும்.

அதற்கு முன் செய்யவேண்டியவை இரண்டு. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு விற்பனைத் தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது என்பதும் அவ்விதிகளில் உண்டு. ஆகவே முதலில் அந்த அலுவலருக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியுங்கள். பல சிக்கல்கள் இந்த இரண்டு படிகளிலேயே தீர்ந்துவிடும்.

‘இரண்டாயிரம் ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா?’ என்று கேட்பது இயல்பே. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் காலம் நீள்வதுண்டு. ஒருநாள் கூலியை இழந்து ஆணையத்துக்குப் போவது எல்லாருக்கும் எளிதன்று. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் மோசடி செய்பவர் நம்பியிருப்பது இந்தக் கணக்கைத்தான். ஆளுக்கு இரண்டாயிரம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆயிரம் பேர் வாய்மூடினால் அவருக்கு இருபது லட்சம். ஆணையம் வரை போக இயலாதவர் 1915க்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்யலாமே. தமக்குப் பணம் திரும்பாவிட்டாலும், அடுத்து ஏமாறவிருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு அது செய்யும் நன்மையை எண்ணிப் பாருங்கள்.

நம் பக்கத்தின் நேர்மை

உரிமையைப் பேசும் நாம் கடமையையும் பேசியாக வேண்டும். திருமண ஒளிப்பதிவைப் பிரதி எடுக்க ஒரு டிஸ்க் வாங்கி, வேலை முடிந்ததும் ‘பிடிக்கவில்லை’ என்று திருப்பி அனுப்புவோர் இருக்கிறார்கள். புதியதை வைத்துக்கொண்டு பழைய பழுதான டிஸ்க்கைப் பெட்டியில் இட்டு அனுப்புவோரும் இருக்கிறார்கள். இதனைச் சாமர்த்தியம் என்று பிள்ளைகளின் முன்னிலையில் பேசுவோரும் உண்டு. தெரிவுரிமை என்பது பொருளைச் சோதிப்பதற்கு. இலவசமாகப் பயன்படுத்துவதற்கு அன்று. பெட்டிக்குள் பழையதை இட்டு அனுப்புபவர் ஈரத் தானியத்தை உள்ளே மறைத்த வணிகரின் இடத்தில் நிற்கிறார். பெரிய நிறுவனம்தானே என்ற சமாதானம் மறுமையில் செல்லுபடியாகாது. மேலும், அப்படித் திரும்பிவந்த பழைய டிஸ்க் மீண்டும் புதியதாக விற்கப்பட்டால், அதில் ஏமாறுபவர் நம்மைப் போன்ற இன்னொருவரே.

தவணை முறையைப் பற்றியும் ஒரு சொல். வட்டியில்லாத் தவணை என்று விளம்பரப்படுத்தப்படுவதில் பல நேரங்களில் வங்கி வட்டியைக் கணக்கிட்டே வாங்குகிறது. அந்தத் தொகையை விற்பவர் தள்ளுபடியாகக் கழித்துக்கொள்கிறார். பெயரை நம்பாமல் விவரத்தைப் படியுங்கள். இரண்டு மாதம் பொறுத்துக் கைப்பணத்தில் வாங்குவது மனத்துக்கு நிம்மதி.

இறுதியாக, எப்போதும் இணையத்தில்தான் வாங்க வேண்டுமா என்றும் எண்ணிப் பாருங்கள். நம் ஊர்க் கடைக்காரர் முந்நூறு ரூபாய் கூடுதலாகச் சொன்னாலும், பொருளை நம் கண்முன் இணைத்துக் காட்டுவார். பழுதானால் அவர் முகம் பார்த்துக் கேட்கலாம். விலைச்சீட்டு மட்டும் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வழிகளும் ஆகுமானவையே. எவ்வழியில் வாங்கினாலும் சோதித்து வாங்குவோம், உண்மை சொல்லித் திருப்புவோம், ஏமாற்றப்பட்டால் எழுந்து நின்று கேட்போம்.

வாங்குவதிலும் விற்பதிலும் நேர்மையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.